வேலியின் இருபுறமும் நின்ற வக்கீல்

ஏகபோகத்தை எதிர்த்து வழக்காடும் சர்க்கார் வக்கீல், நாளை யாருக்காக வாதாடுவார்? அமெரிக்காவில் இது பழைய கேள்வி.

ஏகபோகத் தடைச் சட்டம் வெறும் சடங்கு என்று 1937-ல் வெளியான தம் நூலில் கேலி செய்தார் தர்மன் அர்னால்டு. மறு வருஷமே அதை அமல் நடத்தும் பொறுப்பை ரூஸ்வெல்ட் அவரிடமே ஒப்படைத்தார்! அமெரிக்க மருத்துவச் சங்கத்தைக்கூட அவர் கூண்டிலேற்றினார். 1943-ல் சுப்ரீம் கோர்ட் தண்டனையை ஊர்ஜிதம் செய்தது. பிறகு நீதிபதியானார், 1945-ல் அதையும் துறந்து வக்கீல் தொழிலில் இறங்கினார். பெரிய கம்பெனிகள் அவருடைய கட்சிக்காரர்களாயின.

2021-ல் அதே பதவிக்கு வந்த ஜோனதன் கான்டர் எதிர்த்திசையில் வந்தவர்; முன்பு கூகுளின் போட்டியாளர்களுக்கு ஆலோசகர். தன் விஷயத்தில் அவர் தலையிடலாமா என்று கூகுள் ஆட்சேபித்தது.

வேலியின் ஓட்டை இருபுறமும் நின்றவருக்கே தெரியும். அதை அடைத்தாரா, அகலமாக்கினாரா? அவர் தொடுத்த வழக்குகளும் கைவிட்ட வழக்குகளுமே அதற்குச் சாட்சி.