யாருடைய வசதிக்கு இந்த ‘வசதி’ப் படிப்பு?

வேலையை விட வேண்டாம், வீட்டிலிருந்தே படிக்கலாம், இரண்டு வருஷத்தில் முடியாவிட்டால் நான்கு வருஷம் எடுத்துக்கொள்ளலாம் என்று பணியிலுள்ள ஆசிரியர்களை முதுகலைப் பட்டத்துக்கு அழைக்கிறார்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் முதுகலைப் படிப்பு இந்த ரகத்தைச் சேர்ந்ததே.

வாத்தியார் படித்தால் நமக்கென்ன என்று தறியில் நிற்கும் தோழரும் நடவு வயலில் நிற்கும் தோழரும் கேட்கலாம். நமக்குத்தான் எல்லாம் இருக்கிறது! பணக்காரன் பிள்ளைக்கு வீடு தேடி டியூஷன் வாத்தியார் வருவார். நம் பிள்ளைக்கு இருப்பது சர்க்கார் பள்ளி வாத்தியார் ஒருவர்தான். அவருடைய அறிவு வளர்ந்தால் நம் பிள்ளையின் அறிவு வளரும். அவர் சோர்ந்தால் அந்தச் சோர்வும் நம் பிள்ளையின் தலையில்தான் விடியும்.

படிப்பை நாம் எதிர்க்கவில்லை. மதுரைப் பல்கலைக்கழகம் 1971ல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. கல்லூரி வாசலை மிதிக்க வழியில்லாத எத்தனையோ ஏழை வீட்டு ஆசிரியர்கள் இப்படிப்பட்ட படிப்பினால்தான் பட்டம் பெற்றார்கள். அந்தக் கதவு திறந்தே இருக்க வேண்டும். நாம் கேட்பது வேறு: இந்தப் படிப்புக்கான நேரம் யாருடையது? பணம் யாருடையது?

வளைவது யார் முதுகு?

நேரம் ஆசிரியரின் தூக்கத்திலிருந்தும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தும் எடுக்கப்படுகிறது. பெண் ஆசிரியையானால் அடுப்படி வேலை முடிந்த பிறகுதான் புத்தகம். கட்டணம் அவர் பையிலிருந்து போகிறது. இத்தனைக்கும் மேல், படிப்பதற்கு இலாகாவிடம் முன் அனுமதி வேறு வாங்க வேண்டும்! ஷிப்டு முடிந்த பின் சம்பளமில்லாமல் இரண்டு மணி நேரம் நில் என்று மில் நிர்வாகம் சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய வேலைகளுக்கு ஆசிரியரை எடுத்துக்கொள்ள அதன் 27வது பிரிவு அனுமதிக்கிறது. ஓட்டுப் பெட்டிக்குக் காவல் இருந்தால் அது பணி. பிள்ளைகளுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கப் படித்தால் அது சொந்த விவகாரமாம்! இது என்ன நியாயம்?

கணக்கைப் பார்ப்போம்

1964-66ல் ஆராய்ந்த கோத்தாரி கல்விக் கமிஷன், ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு அல்லது மூன்று மாதப் பணியிடைப் பயிற்சி தேவை என்று சிபாரிசு செய்தது. 2020ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை சொல்வது வருஷத்துக்குக் குறைந்தது 50 மணி நேரம். ஐந்து வருஷத்துக்கு 250 மணி. எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் 31 நாள்! அரை நூற்றாண்டு கழித்து முன்னேறியிருக்கும் லட்சணம் இது.

தமிழ்நாட்டில் 1969ஆம் ஆண்டின் அரசாணையால், உயர்படிப்பு முடித்த ஆசிரியருக்கு ஊக்க ஊதிய உயர்வு கிடைத்து வந்தது. 2020 மார்ச்சில் அதை ரத்து செய்தார்கள். 2021ல், ஒரே தடவை கொடுக்கும் தொகை என்று மாற்றினார்கள். அப்போது இடைநிலை ஆசிரியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாய். ஓர் ஊதிய உயர்வு 3 சதவீதம். இரண்டு உயர்வு என்றால் மாதம் சுமார் 1,200 ரூபாய், வருஷத்துக்கு 14,000 ரூபாய்க்கு மேல். பணியில் உள்ளவரை மாதாமாதம் வந்திருக்க வேண்டிய கூலியை ஒரு நாள் இனாமாகச் சுருக்கிவிட்டு, படியுங்கள், படியுங்கள் என்று உபதேசம் செய்கிறார்கள்!

பட்டம் பெற்றால் பலன் ஆசிரியருக்குத்தானே, ஊர்ப் பணத்தை ஏன் செலவிட வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். பட்டத் தாளை அவர் வீட்டில் மாட்டுவார், உண்மைதான். ஆனால் அந்தப் படிப்பை அவர் செலவழிப்பது எங்கே? நம் பிள்ளைகளின் வகுப்பறையில்! ஊருக்குப் பலன் என்றால் செலவும் ஊர்ப் பொதுப் பணத்தில்தான் இருக்க வேண்டும்.

மில்லில் ஒருவர் லீவு போட்டால் பதிலித் தொழிலாளி மெஷினில் நிற்கிறார். இரண்டே ஆசிரியர் உள்ள கிராமப் பள்ளியில் ஒருவர் தேர்வு எழுதப் போனால், ஐந்து வகுப்பையும் மற்றவர் ஒருவரே கட்டி மேய்க்க வேண்டும். இழப்பு கூலிக்காரன் பிள்ளைக்கு.

ஆகவே நாம் கோருவது இதுதான்: படிக்கும் ஆசிரியருக்குச் சம்பளத்துடன் படிப்பு விடுப்பு வேண்டும்! அந்த நாட்களில் வகுப்புக்குப் பதிலி ஆசிரியர் வேண்டும்! கட்டணத்தைச் சர்க்கார் ஏற்க வேண்டும்! பறித்த ஊதிய உயர்வைத் திருப்பித் தர வேண்டும்! சொற்பச் சம்பளத்தில் உழலும் தனியார் பள்ளி ஆசிரியருக்கும் படிக்கும் உரிமை வேண்டும்!

இதை வாத்தியார்கள் மட்டும் கேட்டால், சம்பளத்துக்காகக் கத்துகிறார்கள் என்று தட்டிக்கழிப்பார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் நாமும் சேர்ந்து கேட்போம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வேலை அலுப்பைப் பார்க்காமல் போவோம். எழுந்து நின்று பேசுவோம்!