புறாமலைக்குப் போய்ப் புறா பார்க்காதவர்கள்

பறவை பார்க்கும் பயணங்களில் எனக்குப் பிடிக்காதது கடைசி நாள்தான். அதுவரை பொறுமையாக இருந்தவர்களும் அண்டைக்கு லிஸ்டை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். போன மே மாதம் எங்கட குழுவிலும் அதுதான் நடந்தது. கந்தளாய்க் குளம், தம்பலகாமம் வயல்வெளி, கொட்டியார் குடாக் கரை எண்டு மூன்று நாள் சுற்றிவிட்டு, நாலாம் நாள் காலமை நிலாவெளியில் போட் ஏறி புறாமலைத் தீவுக்குப் போனோம். கரை தட்ட முதலே ஒருத்தன் கேட்டான்: "புறாதானே மச்சான், அதைக் கோட்டை ஸ்டேஷனிலயே பாக்கலாமே?" மாடப்புறா ஏற்கனவே லிஸ்டில் விழுந்திட்டுதாம், இனி என்னத்துக்குப் பார்க்கவேணும் என்பது அவன்ட கணக்கு.

இந்தக் கணக்கோடதான் எனக்குச் சண்டை. ஸ்டேஷனில் சோறு பொறுக்குவதும் புறாமலைப் பாறை வெடிப்பில் குந்தியிருப்பதும் ஒரே இனம்தான், ஆனால் ஒரே கதை இல்லை. நகரத்துப் புறாக்கள், மனிதன் ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முதல் பிடித்துப் பழக்கி, பிறகு கூட்டை விட்டுத் தப்பியவற்றின் வாரிசுகள். காட்டு மாடப்புறாவுக்குப் பாறையும் குகையும்தான் வீடு. பேரில் மாடம் இருந்தாலும், மாடம் எண்டு ஒன்றை மனிதன் கட்ட முதலே இந்தப் பறவை இருந்தது.

பிரச்சினை என்னவெண்டால், ஊர்ப்புறா காட்டுப்புறாவோடு சேர்ந்து குஞ்சு பொரிக்கும். உலகத்தில் கனக்க இடங்களில் எது காட்டுப்புறா எண்டு பிரிக்க முடியாதபடி கலந்துபோச்சு. ஸ்கொட்லாந்தின் மேற்குத் தீவுகளில் இன்னும் பெரிசாகக் கலக்காத கூட்டம் இருக்கிறது என்று 2022இல் ஒரு மரபணு ஆய்வு காட்டியது பெரிய விஷயமாகப் பார்க்கப்பட்டது அதனால்தான். நிலாவெளிக் கரையிலிருந்து புறாமலை ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். புறாவுக்கு அது ஒரு தூரமா? கரையில் ஹோட்டலும் மிச்சச் சாப்பாடும் கூடக்கூட ஊர்ப்புறாவும் கூடும்.

வெள்ளைக்காரன் காலத்தில் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குப் பாவித்த தீவு இது. 1963இல் சரணாலயம், 2003இல் தேசிய பூங்கா. இப்போது சனம் வருவது பவளப்பாறைக்கும் சுறாக்குட்டிக்கும். வரட்டும், பவளத்துக்கும் பாதுகாப்பு வேணும்தான். ஆனால் நாங்கள் நின்ற இரண்டு மணித்தியாலமும் வந்தவர்களில் பாதிப்பேரின் தலை தண்ணிக்குள்ள, மீதிப்பேர் செல்ஃபிக்காகப் பாறை உச்சியில். ஒவ்வொருத்தர் ஏறும்போதும் புறாக்கள் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றின. உச்சிப் பாறைக்கு ஏறுவதையாவது நிறுத்தவேணும். பூங்காவின் பேரே அவைதானே தந்தது.

மற்றது, எண்ணவேணும். அதுக்கு விஞ்ஞான பீடம் தேவையில்லை, கலைப்பீடத்துக் கண் போதும். சாம்பல் உடம்பு, செட்டையில் இரண்டு கறுப்புப் பட்டி என்றால் ஒரு பக்கம். வெள்ளைத் திட்டு, மண்ணிறம், புள்ளி என்றால் மற்றப் பக்கம், அது ஊர்க்கலப்பு. ஒவ்வொரு வருஷமும் கடல் அடங்கின மே மாதத்தில் ஒரு காலமை போய் இரண்டையும் தனித்தனியாக எழுதி வைத்தால், பத்து வருஷத்தில் புறாமலையில் என்ன நடக்குது எண்டு காட்ட எங்களிட்ட ஒரு கொப்பியாவது இருக்கும். லிஸ்ட் எண்ணின நண்பனையும் கூட்டிக்கொண்டு போகலாம், அவனுக்கு எண்ணத்தானே விருப்பம்.