குழாய் முதலில், மதுரை பிறகு

மார்பில் பலத்த அடிபட்டவரை அழைத்துவரும் உறவினர்களுள் பலர், நாங்கள் பரிசோதித்து முடிப்பதற்குள்ளாகவே, "மதுரைக்குக் கொண்டுபோய்விடுகிறோம்" என்கின்றனர். அவர்களது பதற்றம் எங்களுக்குப் புரிகிறது. ஆயினும் அந்த முடிவு சரியன்று என்பதே எங்கள் கருத்து.

இராமேசுவரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். இராமநாதபுரத்திலிருந்து புறப்பட்டாலும் 100 கிலோமீட்டருக்கு மேல். ஒடிந்த விலா எலும்பு நுரையீரலைக் கிழித்துவிட்டால், கசியும் காற்று மார்புக்கூட்டுக்குள் அடைபடக்கூடும். ஒவ்வொரு மூச்சுக்கும் அது பெருகி, நுரையீரலைச் சுருக்கி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தையும் தடுத்துவிடும். அந்நிலையில் உயிர் பிரியச் சில நிமிடங்கள் போதும்; பரமக்குடியைக்கூட எட்ட இயலாது. ஊசியால் காற்றை வெளியேற்றி, விலா எலும்புகளுக்கிடையே குழாய் பொருத்துவதே இதற்குரிய சிகிச்சை. ஸ்கேன் எடுக்கும் வரை அதற்குக் காத்திருக்கலாகாது. உள்ளே இரத்தம் தேங்கினாலும் பெரும்பாலோருக்குக் குழாயே போதுமானது; நெஞ்சைத் திறக்கும் அறுவை சிகிச்சை மிகச் சிலருக்கே தேவைப்படுகிறது. "குழாய் போட்டால் பிழைக்கமாட்டார்" என்னும் பேச்சு எங்கிருந்து வந்ததோ! அது பலரைத் தயங்க வைக்கிறது.

பெருந்தமனி கிழிந்தவர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவரே. அவருக்கும் மூச்சைச் சீராக்கிய பின்னரே பயணம்.

பனையிலிருந்து விழுந்தவர்களிடம் வெளிக்காயமே தெரிவதில்லை. வீட்டிலேயே நெஞ்சைச் சுற்றி இறுகக் கட்டுப் போட்டு, மூன்றாம் நாள் மூச்சுத்திணறலோடு அழைத்து வருகின்றனர். கட்டு இறுகினால் ஆழ்ந்து மூச்சிழுக்கவோ இருமவோ முடியாது. சளி தேங்கி நிமோனியா வரும். முதியோருக்கு ஆபத்து இன்னும் மிகுதி. வலி மருந்தைத் தயங்காமல் கேளுங்கள். வலி தணிந்தால்தான் இரும முடியும்.

செலவுக்கு அஞ்சி மருத்துவமனை மாற நினைப்போரும் உள்ளனர். 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியோரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, நிர்ணயித்த வரம்புக்குள் அரசே ஏற்கிறது. காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் இது உண்டு. ஆனால் பனையேறிகளோ, படகில் அடிபடும் மீனவர்களோ இதில் அடங்கார். இக்கடற்கரையில் பணிபுரியும் எங்களுக்கு அது பெருங்குறையாகவே தோன்றுகிறது.

மதுரைக்கு அனுப்ப நேர்ந்தால், குழாயோடு இணைத்த புட்டி வழிநெடுக நோயாளியின் மார்பு மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும். குழாயை மடக்கவோ கட்டவோ வேண்டா.