ஹாலக்ஸ் வால்கஸ்: எந்த அறுவை, யாருக்கு?

கால் பெருவிரல் இரண்டாம் விரல் பக்கம் சாய்ந்து, அதன் அடியில் உட்புறமாக எலும்பு துருத்தி நிற்கும் ஹாலக்ஸ் வால்கஸ் கோளாறுக்கு மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ள அறுவை முறைகள் நூற்றைத் தாண்டும். எல்லாக் கால்களுக்கும் பொருந்தும் ஒரே முறை இல்லை என்பதையே இந்த எண்ணிக்கை சொல்கிறது. தேர்வுக்கு நாம் எக்ஸ்ரே கோணங்களை நம்புகிறோம், நம்பவும் வேண்டும். ஆனால் தருமபுரி மாவட்டத்து நோயாளி ஒருவரை அறுவை மேசைக்கு அழைக்கும் முன் இன்னும் மூன்றைக் கேட்டறிய வேண்டும்: அவர் செய்யும் வேலை, அவர் குடித்து வளர்ந்த தண்ணீர், அறுவைக்குப் பின் அவர் நம்மிடம் வந்துபோக வேண்டிய தூரம்.

அறுவை தேவையா என்பதே முதல் கேள்வி. 1958இல் வெளியான ஹாங்காங் ஆய்வில், காலணி அணிந்தவர்களில் சுமார் 33 சதவீதத்தினருக்கும், வெறுங்காலோடு வாழ்ந்தவர்களில் சுமார் 2 சதவீதத்தினருக்கும் இக்கோளாறு இருந்தது. வெறுங்காலோடு வயலில் நின்ற தலைமுறையின் பிள்ளைகள் இன்று ஓசூர், பெங்களூரு ஆலைகளில் நாள் முழுதும் மூடிய காலணியோடு நிற்கிறார்கள். பரம்பரைக் கூறும் உண்டு. 2001இல் வெளியான பின்லாந்து ஆய்வில் 209 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். காலணிக்குள் வைக்கும் தாங்கி சில மாதங்களுக்கு வலியைக் குறைத்தது. ஓராண்டு முடிவில் செவ்ரான் அறுவை பெற்றவர்களே மேலான நிலையில் இருந்தார்கள். ஆகவே முன்பக்கம் அகன்ற காலணியை முதலில் கொடுத்துப் பார்ப்போம். வலி நீடித்து நடையையும் வேலையையும் கெடுத்தால் அறுவையைப் பேசுவோம். வலியில்லாத காலை அழகுக்காக மட்டும் வெட்டுவதை இவ்விதழ் ஆதரிக்கவில்லை.

கோணங்களை நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரேயில்தான் அளக்க வேண்டும். பெருவிரல் சாய்வு 15 டிகிரிக்குள்ளும், முதலிரு மெட்டாடார்சல்களின் இடைக்கோணம் 9 டிகிரிக்குள்ளும் இருப்பது இயல்பு. மிதமான கோளாறுக்குச் செவ்ரான் போதும். இடைக்கோணம் கூடினால் ஸ்கார்ஃப். விரலெலும்பிலேயே வளைவு மீந்தால் அதனோடு ஏகின். கடும் கோளாறிலும், முதல் டார்சோ-மெட்டாடார்சல் மூட்டு தளர்ந்திருக்கும்போதும் லேபிடஸ். பெருவிரல் மூட்டு தேய்ந்துவிட்டால் மூட்டு இணைப்பு. கெல்லர் முறை பெருவிரலின் உந்துவிசையைப் பறித்து, பாரத்தை மற்ற விரல்களின் அடிக்குத் தள்ளுவதால், அதிகம் நடமாடாத முதியோருக்கு மட்டுமே. எலும்பைத் தொடாமல் மென்திசுவை மட்டும் சரிசெய்தால் கோளாறு திரும்பிவர வாய்ப்பு அதிகம்.

இனி வேலை. பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்திலும் பென்னாகரத்து நிலக்கடலைக் காட்டிலும் குந்தியபடி, குதிகால் தூக்கி, முன்பாதத்தில் பாரம் தாங்கிக் களை எடுப்பவருக்குப் பெருவிரல் மூட்டு மேல்நோக்கி மடங்கியாக வேண்டும். மூட்டு இணைப்பு வலியைத் தீர்க்கும். அந்த மடக்கத்தையும் நிறுத்திவிடும். இதை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே, குந்திக் காட்டச் சொல்லி, நேரில் விளக்க வேண்டும். மூட்டைக் காக்கும் அறுவை செய்தாலும், விரலை மடக்கும் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்காவிட்டால் மூட்டு விறைத்துவிடும்.

அடுத்து தண்ணீர். இம்மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி என்பது பழைய செய்தி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகள் கிணற்று நீர் குடித்தவரின் எலும்பிலிருந்து ஃப்ளோரைடு எளிதில் நீங்குவதில்லை. 1990இல் வெளியான ரிக்ஸ் குழுவின் ஆய்வில், ஃப்ளோரைடு பெற்ற பெண்களின் முதுகெலும்பு அடர்த்தி கூடியது; முதுகெலும்பு அல்லாத இடங்களில் முறிவுகளும் கூடின. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் எலும்பு வலுவானது என்று நம்பி ரம்பத்தையும் டிரில்லையும் வேகமாக ஓட்டக் கூடாது. கூரிய பிளேடு, விட்டுவிட்டு வெட்டுதல், தொடர்ந்து சலைன் ஊற்றிக் குளிர்வித்தல் ஆகியவை இங்கே கட்டாயம். ஃப்ளோரோசிஸ் தண்டுவடத்தையும் அழுத்தும். கால் மரத்தால் அது நீரிழிவா, தொழுநோயா, தண்டுவடமா என்று பார்க்காமல் கத்தி எடுக்கக் கூடாது. உணர்விழந்த பாதத்தைக் காலணியால் காக்கலாம் என்று வேலூரில் பால் பிராண்ட் காட்டிய வழி அத்தகையோருக்கு அறுவையைவிடப் பாதுகாப்பானது.

மூன்றாவது தூரம். சித்தேரியிலிருந்தோ வத்தல்மலையிலிருந்தோ வருபவரிடம் ஆறு வாரம் கால் ஊன்றாதீர்கள் என்பது எளிது; அதைக் கடைப்பிடிப்பது அவருக்கு எளிதல்ல. குதிகாலில் பாரம் தாங்கி விரைவில் நடக்க இடம் தரும் செவ்ரானும் ஸ்கார்ஃபும், கோணம் அனுமதிக்கும்வரை, இவர்களுக்கு முதல் தேர்வாக இருக்கட்டும். 2021இல் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. விரல் பயிற்சிக் குறிப்பை அந்தக் களப்பணியாளரிடம் எழுதிக் கொடுப்போம். மெட்டியைக் கழற்ற வேண்டியதை முன்கூட்டியே குடும்பத்தோடு பேசுவோம். வீக்கம் மாதக் கணக்கில் நீடிக்கும் என்பதையும் சொல்லிவிடுவோம்.

இவ்வளவும் அனுபவமாக மட்டும் தங்கிவிடக் கூடாது. அறுவைக்கு முன்னும், ஆறு வாரத்திலும், ஓராண்டிலும் நின்ற நிலைக் கோணங்கள், குந்த முடிகிறதா, எந்தக் காலணி, எந்த நாளில் வேலைக்குத் திரும்பினார் ஆகிய நான்கையும் ஒவ்வொரு நோயாளிக்கும் பதியுங்கள். கோளாறு திரும்பியவர்களையும் விரல் மறுபக்கம் சாய்ந்தவர்களையும் விட்டுவிடாமல் இவ்விதழுக்கு அனுப்புங்கள். குந்தி வேலை செய்யும் மக்களுக்கு எது சரியான அறுவை என்ற கேள்விக்கு, குந்தி வேலை செய்யாத நாடுகளின் ஆய்வுகள் விடை தரமாட்டா. அதைத் தர வேண்டியவர்கள் நாம்.