தூற்றிக்கொள், சுருட்டிக்கொள்!

சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற நண்பன், மூன்று பேரோடு கூட்டுச் சேர்ந்து பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறான். 20 அடி நீளம். 2024 மே மாதம் நான் அங்கே போனபோது, ‘‘வாடா மாப்ளே, காலைல கடல்ல ஒரு ரவுண்டு போலாம்’’ என்றான்.

போனோம். நின்றோம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர். மே மாதக் காற்று பாதி நாள் லீவில் இருக்கும். எங்களை ஒரு தேங்காய் மட்டை ஓவர்டேக் செய்தது.

‘‘இரு’’ என்று பையிலிருந்து ஆரஞ்சு நைலான் துணியை உருவினான். ஸ்பின்னக்கர். பாதி பாராசூட், பாதி கல்யாணப் பந்தல். வழக்கமான பாய் கனமானது. மெல்லிய காற்றில் தன் எடையிலேயே தொங்கிவிடும். இதுவோ 25 சதுர மீட்டர் இருந்தும், ஏறக்குறைய ஒரு கிலோ சர்க்கரை எடைதான். பெருமூச்சு விட்டால்கூட உப்பும்.

‘‘காத்து போற திசையிலேயே நேரா விடேன்’’ என்றேன். முறைத்தான். காற்று 6 நாட் (மணிக்கு 11 கி.மீ.) அடிக்கிறது. படகும் அதே திசையில் 3 நாட் ஓடினால் பாய்க்கு மிச்சம் கிடைப்பது 3 நாட்தான். அதனால் கொஞ்சம் குறுக்கே போகணுமாம். பாயின் முன்னோரம் லேசாகச் சுருளும்வரை கயிற்றை விட்டான்; சுருண்டதும் ஒரு சின்ன இழுப்பு. என்னைப் பாய் இருக்கும் பக்கமாக ஆடாமல் உட்காரச் சொன்னான். படகு அந்தப் பக்கம் சாய்ந்தால் பாய் தானாக வடிவத்துக்கு வருமாம். என் தொப்பைக்கு முதல்முறையாக ஒரு உத்தியோகம்!

படகு நகர்ந்தது. அடியில் தண்ணீர் சலசலத்தது. சொர்க்கம். அப்போதுதான் மேற்கே ஒரு கறுப்புக் கோடு.

‘‘சுமத்ரா! இறக்கணும்’’ என்றான்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா தீவுப் பக்கமிருந்து திடுதிப்பென்று வருகிற புயல்மழைக்கு அதுதான் பெயர். பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ வரும். காற்று மணிக்கு 40 முதல் 80 கி.மீ.

‘‘இப்பத்தானே ஓடுது! அஞ்சு நிமிஷம்டா...’’

‘‘காத்து 5 நாட்லேர்ந்து 15 ஆனா அழுத்தம் மூணு மடங்கு இல்லடா, ஒன்பது மடங்கு. இறக்கலாமான்னு தோணின நிமிஷமே இறக்கிடணும்.’’

படகைத் திருப்பி, பெரிய பாயின் மறைவுக்குள் அதைக் கொண்டுவந்து, துணியை அள்ளிப் பைக்குள் திணித்தோம். சற்றுத் தள்ளி இன்னொரு படகில் நீலப் பாய் அப்படியே உப்பிக்கொண்டிருந்தது. அவர்களும் அஞ்சு நிமிஷம் கேட்டிருப்பார்கள். காற்று வந்ததும் படகு ஒருக்களித்துப் படுத்தது. இரண்டு பேர் தண்ணீரில். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் பிழைத்தார்கள்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். எப்போது சுருட்டிக்கொள்வது என்று யாரும் சொல்லவில்லை.

‘‘ஆமா, ஷேர் மார்க்கெட்ல பணம் போட்டியே, என்னாச்சு?’’ என்றான் கரையில்.

‘‘டீ சாப்பிடலாமா?’’ என்றேன்.