‘குறைந்தது ஒருவர்’

அண்ணாமலை நகரில் வணிகவியல் படித்து, ஆடிட்டர் அலுவலகம், வங்கி, வீட்டு டியூஷன் என்று இங்கேயே தங்கிவிட்டவர்கள் நாங்கள். பட்டியலிட்ட கம்பெனியின் இயக்குநர் குழுவில் குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டம். டியூஷனில் அதை ஐந்து மதிப்பெண் கேள்வியாக நடத்தினோம். ‘குறைந்தது’ என்ற சொல்லில் ஒரு நாளும் நிற்கவில்லை. நார்வே 2003-லேயே 40 சதவீதம் என்று சட்டம் இயற்றியதை எங்கள் மாணவிகளுக்குச் சொல்லவில்லை.

இரவுப் பணிக்கு வண்டி உண்டா, யாருக்குப் பதவி உயர்வு, பாலியல் புகார் என்ன ஆயிற்று எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் மேசை இயக்குநர் குழுவுடையது. அங்கே ஒரே ஒரு பெண் பேசினால் ‘பெண்கள் தரப்பு’ என்று குறித்துக்கொள்வார்கள். மூன்று பேர் பேசினால் குழு பேசியதாக ஆகும். இது எங்களுக்குத் தெரியாததா?

2020 செப்டம்பரில் முருகப்பா குடும்பத் தொழில் குழுமத்தின் பங்குகளை வைத்திருக்கும் அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் வள்ளி அருணாசலம் இயக்குநர் இடம் கேட்டார். அணுப் பொறியியலில் முனைவர். தந்தை எம்.வி.முருகப்பன் 2017-ல் மறைந்தபின், குடும்பத்தின் அந்தக் கிளைப் பெண்கள் கையில் எட்டு சதவீதத்துக்கு மேல் பங்கு இருந்தது. 91 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகள் அவருக்கு எதிராக விழுந்தன. 2023-ல்தான் குடும்பத்துக்குள் இணக்கம் ஏற்பட்டது. பங்கு மகளுக்கு வரலாம், நாற்காலி வரக் கூடாதா என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். ‘செட்டியார் வீட்டு விவகாரம்’ என்று பேப்பரை மடித்து வைத்தோம்.

அம்பாடியில் எங்களுக்கு ஓட்டு இல்லை. ஓட்டு உள்ள கம்பெனிகளில் மட்டும் என்ன செய்தோம்? ஆண்டுக் கூட்டத்துக்கு முன்னால் மின்வாக்களிப்பு மின்னஞ்சல் வரும். யாரை இயக்குநராக்குகிறார்கள் என்ற தீர்மானம் அதில் இருக்கும். டிவிடெண்ட் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மூடினோம். முதலாளியின் மனைவியையோ மகளையோ உட்காரவைத்துக் கணக்கை நேர்செய்த கம்பெனிகளிலும் பங்கு வாங்கினோம். குடும்பத்தைச் சாராத ஒரு சுயேச்சைப் பெண் இயக்குநர் வேண்டும் என்று, 2020 ஏப்ரலுக்குள் முதல் ஆயிரம் கம்பெனிகள் வரை, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்க வேண்டியிருந்தது.

சுயேச்சை இயக்குநராக விரும்புவோர் பெயர் பதிய 2019 டிசம்பரிலிருந்து அரசின் தரவு வங்கி இருக்கிறது. தாமரை இல்லம் விடுதியில் தங்கிப் படித்து, வங்கியில் கடன் பிரிவையே நடத்தி ஓய்வுபெற்ற தோழிகள் எங்களுக்கு உண்டு. அவர்களில் ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை. பணிநிறைவு விழாவில் சால்வை போர்த்தி, ‘இனி பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக இருங்கம்மா’ என்று வாழ்த்திவிட்டு வந்தோம்.