பில் போடுவது ரோடுதான்!



சாலை விபத்தில் அடிபட்டவரின் ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்ததும், "டாக்டருங்க கொள்ளையடிக்கிறாங்கப்பா" என்கிறோம். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பில்லின் பெரும்பகுதி ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே சாலையில் எழுதப்பட்டு விடுகிறது என்பதே என் கருத்து.

நாம் மெக்கானிக்ஸில் படித்ததுதான். வேகம் 40 கி.மீ.யிலிருந்து 60 ஆனால் ஒன்றரை மடங்கு. இயக்க ஆற்றலோ இரண்டே கால் மடங்கு! கால் எலும்பு முறிந்தால் பிளேட், ராடு, சில நாள் படுக்கை என்று செலவு ஒரு கணக்கில் நிற்கும். தலையில் அடி பலமாக இருந்தால் ஸ்கேன், ஐ.சி.யு., வென்டிலேட்டர் என்று வாரக்கணக்கில் மீட்டர் ஓடும். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து ஓட்டும் அன்பர்கள் யோசிக்கட்டும். (போலீசைக் கண்டால் மட்டும் அது தலைக்கு ஏறிவிடும்!)

அடுத்தது நம்ம எல்லைப் பகுதிக்கே உரிய சங்கதி. ஓசூரில் அடிபட்டால் "பெங்களூருக்கே தூக்கிட்டுப் போயிடலாம்" என்பதுதான் முதல் பேச்சு. நிமான்ஸ் அங்கே இருக்கிறது, தலைக்காயத்துக்கு அது தேவைப்படலாம், மறுக்கவில்லை. ஆனால் பதற்றத்தில் அத்திப்பள்ளி தாண்டி ஏதோ ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நுழைந்தால் பெரும்பாலும் முதல் கேள்வி அட்வான்ஸ்தான். தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், பட்டியலில் உள்ள மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. 2025 மே மாதம் மத்திய அரசும் 7 நாளைக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை என்று அறிவித்தது. அந்தப் பட்டியலில் ஓசூர், கிருஷ்ணகிரியில் எந்தெந்த ஆஸ்பத்திரி இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சங்கம் அதை நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடட்டும்.

சரி, அந்த நாட்கள் முடிந்த பிறகு? இங்கேதான் நமக்கு இடி. இ.எஸ்.ஐ.யில் உள்ள தொழிலாளி வேலைக்கு வரும் வழியில் அடிபட்டாலும், 2010 சட்டத் திருத்தத்தின்படி பாதுகாப்பு உண்டு. 1961 அப்ரண்டீஸ் சட்டத்தின் கீழ் சேரும் நமக்கோ இ.எஸ்.ஐ.யே கிடையாது. அதே சிப்காட் ரோடு, அதே நைட் ஷிப்ட், எதிரே வருவதும் அதே லாரிதான்!

கேம்பஸ் இன்டர்வியூவில் "ஸ்டைபண்ட் எவ்வளவு சார்?" என்று கேட்கிறோம். "விபத்துக் காப்பீடு உண்டா சார்?" என்று இந்த வருடம் யாராவது கேளுங்கள்.